லொறிக்குப் பூட்டின சாமான் வேலை செய்யுதோ, எங்களைப் பேய்க்காட்டுதோ? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரிச்சுப் பாத்தா அரைவாசிக்கு மேல ஒரே கதை. லொறிக்கு அதைப் பூட்டினன் இதைப் பூட்டினன், இழுவை கூடினது எண்டு ஒரு ஆள், காசு போனது எண்டு இன்னொரு ஆள். ஆனபடியா மற்றக் கேள்வியளை அடுத்த முறைக்குத் தள்ளி வைச்சிட்டு இதையே எழுதுறன், கார் வைச்சிருக்கிற ஆக்கள் கோவிக்காதேங்கோ.

கேள்வி: அண்ணை, என்னட்ட ஒரு பழைய கென்ரர் லொறி நிக்குது, வெங்காயம் மரக்கறி ஏத்தித் தம்புள்ளைக்கு ஓடுறது. ஆவணிக் கடைசியில டீசல் மிச்சம் பிடிக்கும் எண்டு விக்கிற, டீசல் பைப்பில கொழுவுற காந்தம் ஒண்டு 18 ஆயிரத்துக்கு வாங்கிப் பூட்டினான். பூட்ட வந்தவையே எயார் பில்ரர், டீசல் பில்ரர் எல்லாம் புதுசு போட்டுத்தான் தந்தவை. முந்தி லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடினது, இப்ப ஐப்பசியில பாத்தா 7 தாண்டுது. டிரைவர் பெடியனும் இழுவை கூடியிருக்கு எண்டுறான். இது மெய்தானே? – சுன்னாகம் வாசகர்

பதில்: தம்பி, நீங்க பொய் சொல்லுறியள் எண்டு நான் சொல்லேல்லை. 6 இருந்தது 7 ஆனது மெய்யாத்தான் இருக்கும். ஆனா அதைக் காந்தம்தான் செய்தது எண்டதுக்கு உங்கட கடிதத்தில ஒரு சாட்சியும் இல்லை, மாறா காந்தத்துக்கு எதிரான சாட்சியெல்லாம் நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறியள்.

முதல் விசயம் பில்ரர். காந்தம் பூட்டுற அண்டைக்கே ரெண்டு பில்ரரையும் மாத்திப்போட்டுத்தான் தந்தவை எண்டுறியள், பிறகு வந்த பலன் காந்தத்தின்ரயோ பில்ரரின்ரயோ எண்டு ஆர் சொல்லுறது? இது விக்கிற ஆக்களின்ர பழைய சுத்துமாத்து. ஒரு சாமானை மாத்தினா அண்டைக்கு வேற ஒண்டிலயும் கை வைக்கக் கூடாது, சேர்விஸ் செய்யிற எண்டா ரெண்டு கிழமை முந்தியே செய்து, அப்பிடியே நாலு ட்ரிப் ஓடி, எவ்வளவு ஓடுது எண்டு கொப்பியில எழுதிப்போட்டுத்தான் பிறகு புதுசைப் பூட்டோணும்.

ரெண்டாவது காத்து. ஆவணியில சோளகம் எண்ட தென்மேல் காத்து, ஐப்பசிக்கு அது விழுந்திடும். ஏ9 கண்டி றோட்டில தெற்கால போகேக்க சோளகம் முன்பக்கமாச் சரிஞ்சு வந்து அடிக்கும், அதுவும் ஆனையிறவு வெளியில மறைக்க ஒரு மரமும் இல்லை. காத்தின்ர தடை வேகத்தின்ர வர்க்கத்தோட ஏறுறது. வண்டி 60இல போகுது, முன்னுக்கிருந்து 20இல நேராக் காத்து அடிக்குது எண்டு வையுங்கோ, வண்டிக்கு அது 80இல போற மாதிரி, தடை 1.78 மடங்கு. அதே காத்து பின்னால தள்ளினா 40இல போற மாதிரி, 0.44 மடங்கு. மீற்றர் முள்ளு ரெண்டு முறையும் 60லதான் நிக்கும், ஆனா காத்துத் தடையில நாலு மடங்கு வித்தியாசம். உங்களுக்கு நேர்முன்னால அடிக்காமச் சரிஞ்சு அடிச்சபடியா இவ்வளவு வராது, ஆனா ஒரு லீற்றருக்கு அரைக் கிலோமீற்றர் அங்கயும் இஞ்சயும் ஆட அது காணும்.

மூண்டாவது பாரம். ஆவணியில எத்தினை அந்தர் (ஒரு அந்தர் 50 கிலோ சொச்சம்) ஏத்தினீங்க, ஐப்பசியில எத்தினை அந்தர் எண்டு நீங்க எழுதேல்லை. திரும்பி வரேக்க வெறுமையா வந்ததோ, அரிசி மூட்டை ஏத்தி வந்ததோ? அது தெரியாமல் 6, 7 எண்ட இலக்கத்தில ஒண்டும் இல்லை.

இன்னும் ஒண்டு கிடக்கு, இதைக் கனபேர் யோசிக்கிறேல்லை, ரயர். கிலோமீற்றரை எண்ணுறது பின் சில்லு சுத்துற சுத்தை வைச்சு. உங்கட வண்டிக்கு 7.50-16 ரயர் எண்டா குறுக்களவு 800 மில்லிமீற்றர் சொச்சம். றோட்டில படுற றப்பர்ப் பட்டி 10 மில்லிமீற்றர் தேஞ்சா குறுக்களவு 20 மில்லிமீற்றர் குறையும், அதே தூரத்துக்குச் சில்லு கூடச் சுத்தும், மீற்றர் ரெண்டரை வீதம் கூடக் காட்டும். தேஞ்ச ரயரோட ஓடினா டீசல் மிச்சம் மாதிரித் தெரியிறது இதாலதான். புது ரயர் போட்ட அண்டைக்கு ஐயோ வண்டி டீசல் குடிக்குது எண்டு கத்துறதும் இதாலதான்.

இனி காந்தத்துக்கு வருவம். விக்கிறவர் சொல்லுற கதை, டீசல் முழுசா எரியிறேல்லை, காந்தம் அதைப் பிரிச்சு முழுசா எரிய வைக்கும் எண்டு. ஒழுங்கா இருக்கிற டீசல் எஞ்சினில உள்ள போற டீசலில 98 வீதத்துக்கு மேல எரிஞ்சுதான் வெளிய வருது. மிச்சம் இருக்கிற ஒண்டு ரெண்டு வீதத்தையும் எரிச்சு முடிச்சாலும் உங்களுக்கு வந்த அந்த 16, 17 வீதம் எங்கயிருந்து வாறது? எஞ்சினில வீணாப் போறது எரியாத டீசல் இல்லை, எரிஞ்ச சூடு. அரைவாசிக்கு மேல றேடியேற்றராலயும் சைலன்சராலயும் வெளிய போகுது. பைப்பில கொழுவின காந்தம் அந்தச் சூட்டை என்ன செய்யும்? அமெரிக்காவில சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இப்பிடி எரிபொருள் மிச்சம் பிடிக்கும் எண்டு சொல்லி வந்த சாமானுகள் 100க்கு மேல பாத்தது, குறிப்பிடுற அளவுக்கு மிச்சம் பிடிச்சது எண்டு ஒண்டையும் காணேல்லை. எங்கட நாட்டில 2022 ஆனி 26இல ஒட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாவுக்கு ஏறினது ஞாபகம் இருக்கும், அந்த நேரம் டீசல் வரிசையில கேனோட நிண்ட சனத்துக்கு எதை வித்தாலும் போகும் எண்டு கண்டுதான் கனபேர் இந்த யாவாரத்துக்கு வந்தவை.

இப்ப செய்ய வேண்டியது. டிரைவருக்குச் சொல்லாமல் ஒருநாள் ராவு காந்தத்தைக் கழட்டி வீட்டை வையுங்கோ. அவன் அறிஞ்சா கால் மாறிடும், அதுதான் பெரிய வில்லங்கம், மிச்சம் பிடிக்கிற சாமான் பூட்டியிருக்கு எண்டு தெரிஞ்சா ஆர் எண்டாலும் தன்னை அறியாமல் மெல்லமாத்தான் மிதிப்பினம். மூண்டு ட்ரிப் காந்தம் இல்லாமல், பிறகு பூட்டி மூண்டு, பிறகு திரும்பக் கழட்டி மூண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே செற்றில, ஒரே பம்பில, ஒரே நேரத்தில முட்ட முட்ட அடியுங்கோ. டீசல் நுரைக்கும், நுரை அடங்கினாப் பிறகு திரும்ப நிரப்பி வாய்மட்டம் வரை பாருங்கோ, 40 லீற்றரில ஒரு லீற்றர் பிழைச்சாலே ரெண்டரை வீதம் போச்சு. அந்தர் கணக்கை எழுதுங்கோ. கழட்டேக்கயும் 7, பூட்டேக்கயும் 7 எண்டு வந்தா 18 ஆயிரத்துக்கு ஒரு நல்ல காந்தம் கிடைச்சிருக்கு, கராஜில விழுந்த ஆணி பொறுக்க உதவும்.

கேள்வி: அண்ணா என்ர எல்ஃப் லொறிக்கு சைலன்சரைக் கழட்டிட்டு நேர் பைப் போட்டு, கழுவிக் கழுவிப் பாவிக்கிற கொட்டன் எயார் பில்ரரும் போட்டா பவர் கூடுமா? கூட்டாளி போட்டவன், செமையா இழுக்குது எண்டுறான். – கொடிகாமம், 23 வயது

பதில்: இழுக்குதோ, கத்துதோ? ரெண்டும் வேற தம்பி. சத்தம் கூடினா காதுக்கு வேகம் கூடின மாதிரித்தான் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில போற மாதிரி. டேர்போ (காத்தை அமத்தி எஞ்சினுக்குள்ள தள்ளுற சாமான்) இருக்கிற எஞ்சினில டேர்போவுக்குப் பிறகு வாற பைப் ஒடுக்கமா இருந்தா, அதைப் பெருசாக்கினா கொஞ்சம் பலன் வரும், அதை இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா டேர்போ இல்லாத, 3000 சுத்துக்கு மேல போகாத வேலை எஞ்சினில நேர் பைப்பால வாறது சத்தமும், பொலிஸ்காரர் மறிக்கிறதும்தான்.

பில்ரர் கதை கொஞ்சம் நிண்டு பாக்கோணும். உன்ர கூட்டாளி புதுக் கொட்டன் பில்ரரை எதோட ஒப்பிட்டவன்? ரெண்டு வரியம் தட்டித் தட்டிப் போட்ட பழைய கடதாசி பில்ரரோட. அந்த இடத்தில மலிவான புதுக் கடதாசி பில்ரர் ஒண்டு போட்டிருந்தாலும் அதே மாதிரித்தான் இருந்திருக்கும். பூட்டுற சாமானுகளில முக்கால்வாசி இப்பிடித்தான் பேர் எடுக்குது. தேஞ்ச பழசுக்குப் பக்கத்தில புதுசை வைச்சா எந்தப் புதுசும் வெல்லும். ஒப்பிடுறதெண்டா கொம்பனிப் புதுசையும் வெளிப் புதுசையும் ஒப்பிடு. 2009இல அமெரிக்காவின்ர ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் புது மாதிரிப் பெற்றோல் காருகளில அடைச்ச பில்ரரையும் புது பில்ரரையும் வைச்சுப் பாத்தது, எரிபொருள் செலவில வித்தியாசம் காணேல்லை, வேகம் எடுக்கிறதிலதான் வித்தியாசம் இருந்தது. அதுவும் நல்லா அடைச்சு வைச்சுப் பாத்ததுக்கு.

எனக்குப் பவரை விடப் பயம் தூசி. நீ கொடிகாமத்தில இருந்து மணலும் கல்லும் ஏத்துறவன் எண்டா உன்ர வண்டி குடிக்கிறது செம்மண்ணும் சுண்ணக்கல்லுத் தூளும் மணல் தூளும். மணல் தூளில சிலிக்கா, அது சிலிண்டர்ச் சுவரையும் பிஸ்டன் றிங்கையும் அரம் மாதிரி அராவும். காத்து லேசாப் போற பில்ரர் எண்டா கண்ணி பெருசு, கண்ணி பெருசு எண்டா தூசியும் லேசாப் போகும், எண்ணெய் கொஞ்சம் கூடப் பூசினாலும் குறையப் பூசினாலும் பிழை. போடத்தான் போறன் எண்டு அடம்பிடிச்சா இதைச் செய். பில்ரருக்குப் பின்னால எஞ்சினுக்குப் போற றப்பர் குழாயைக் கழட்டி உள்ளுக்கு வெள்ளைத் துணியால நல்லாத் துடைச்சு விடு. ஆயிரம் கிலோமீற்றர் ஓடினாப் பிறகு திரும்பக் கழட்டி வேறொரு வெள்ளைத் துணியால துடைச்சுப் பார். துணி சிவப்பா வந்தா அண்டைக்கே கழட்டி எறி. இதுக்கு ஒரு மெசினும் தேவையில்லை, ஆனா அந்தத் துணியைப் பாத்த பெடியள் பிறகு கொட்டன் பில்ரர் கதையே கதைக்கிறேல்லை.

கேள்வி: ஐயா, இவர் கனடாவில. டிப்பர் ஒண்டு வாங்கி விட்டிட்டுப் போனவர், நான்தான் பாக்கிறன். டேர்போ இல்லாத எஞ்சின். டிரைவர் அண்ணை எஞ்சினுக்கு டீசல் அளந்து விடுற பம்பில டீசலைக் கூட்டி விட்டா இழுவை கூடும், நாளைக்கு ஒரு ட்ரிப் கூட அடிக்கலாம் எண்டு ஒரு மாசமா நிக்கிறார். கராஜிலயும் ரெண்டு மணித்தியால வேலை எண்டினம். எனக்கு எஞ்சின் பற்றி ஒண்டும் தெரியாது, விடட்டோ? – மல்லாகம் வாசகி

பதில்: விடாதேங்கோ தங்கச்சி. ஏன் எண்டு சொல்லுறன், டிரைவருக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ.

டேர்போ இல்லாத எஞ்சின் ஒரு சுத்துக்கு இவ்வளவு காத்துத்தான் இழுக்கும், அதை ஒரு திருகாணியாலயும் கூட்ட ஏலாது. ஒரு கிலோ டீசல் எரிய ஏறக்குறைய பதினாலரைக் கிலோ காத்து வேணும், அதுவும் கணக்குக்கு. சிலிண்டருக்குள்ள டீசலும் காத்தும் அவ்வளவு வடிவாக் கலக்கிறேல்லை, அதால 18, 20 கிலோ காத்துக்குக் கீழ போனாலே கரிப்புகை துவங்கும். கொம்பனிக்காரன் இதையெல்லாம் பாத்துத்தான் பம்பில அளவு வைச்சு டீசலைக் கூட்டுற திருகாணியைக் கம்பி கட்டிச் சீல் வைச்சு விட்டிருக்கிறான். அடுப்புக்குள்ள விறகை அடைஞ்சு போட்டா நெருப்புக் கூடுதோ புகை கூடுதோ எண்டு என்னை விட உங்களுக்குத் தெரியும்.

கூட்டி விட்ட உடன இழுவை கொஞ்சம் கூடுறது மெய். அதுதான் ஆளை விழுத்துறது. நானும் விழுந்தனான். 2002இல, சண்டையால பூட்டிக் கிடந்த ஏ9 திறந்தாப் பிறகு எல்லாரும் லொறி வாங்கினம் எண்டு நானும் ஒண்டு வாங்கி, 2003இல ஒரு கராஜில (பேர் வேண்டாம்) சொன்னதைக் கேட்டு அந்தச் சீலை உடைச்சு ஒண்டரைச் சுத்துக் கூட்டி விட்டனான். ரெண்டு கிழமை நான்தான் ராசா. மூண்டாம் கிழமை சித்திரை வெயிலுக்க 70 அந்தர் வெங்காயத்தோட போறன், முறிகண்டியில நிப்பாட்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுக் கச்சானும் வாங்கிக்கொண்டு ஏறினது, மாங்குளம் வர முந்தி வண்டி இழுக்கேல்லை. மிதிக்க மிதிக்க வேகம் விழுது, டக் டக் எண்டு ஒரு சத்தம், பின்னால பாத்தா நீலமும் வெள்ளையுமாப் புகை. கரையில ஒதுக்கிப்போட்டுக் கச்சான் சுருளைக் கையில வைச்சுக்கொண்டு அரை மணித்தியாலம் சும்மா நிண்டனான். பிறகு ஹெட்டைக் கழட்டேக்கதான் கண்டது, மூண்டாவது பிஸ்டனின்ர தலை ஒரு பக்கம் மெழுகுதிரி ஒழுகின மாதிரி வழிஞ்சு கிடந்தது. பிஸ்டன் அலுமினியக் கலவை, சுத்த அலுமினியம் 660 பாகையில உருகும். புகைக்குழாய்ச் சூடு 700 பாகையைத் தாண்டி நிண்டுகொண்டே இருந்தா என்ன நடக்கும் எண்டு அந்தப் பிஸ்டன் சொன்னது. டாஷ்போட்டில இருக்கிற சூட்டு முள்ளு காட்டுறது தண்ணிச் சூட்டைத்தான் தங்கச்சி, அது கடைசி மட்டும் நடுவிலதான் நிண்டது. வெங்காயம் வேற வண்டிக்கு மாத்த முந்தி கால்வாசி அவிஞ்சு போச்சு.

இதைவிட உங்களுக்கு வருசத்துக்கு ஒருக்காப் புகைச் சோதனை இருக்கு, அதில கரிப்புகை விழுந்தா வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க ஏலாது. சோதனைக்குக் குறைச்சு வைச்சுப் பிறகு கூட்டுவம் எண்டு கராஜில சொல்லுவினம், உது ஒரு தொழிலாவே நடக்குது.

ஆனா டிரைவர் சொல்லுறதில ஒண்டு சரியா இருக்கலாம், வண்டி மெய்யாவே இழுவை குறைஞ்சு கிடக்கலாம். அப்பிடியெண்டா கூட்டுறது வேற, இருந்த அளவுக்குக் கொண்டு வாறது வேற. பம்பையும் டீசலைப் பீச்சுற இஞ்செக்ரரையும் கழட்டிப் பம்ப் சோதிக்கிற மேசையில வைச்சு கொம்பனி அளவுக்குச் சரி பாக்கச் சொல்லுங்கோ. ஒவ்வொரு இஞ்செக்ரர் நொசிலும் எத்தினை அமுக்கத்தில திறக்குது, ஒவ்வொரு வாயாலயும் எவ்வளவு டீசல் வருது, முந்தி எவ்வளவு, இப்ப எவ்வளவு எண்டு ஒரு துண்டில எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ. எழுதித் தராத இடத்தில செய்யாதேங்கோ. எஞ்சின் தெரியாட்டியும் இலக்கம் வாசிக்கத் தெரிஞ்சாக் காணும். பிறகு நாளைக்கு ஒரு ட்ரிப் கூட எண்ட கதை. வண்டி ஒரு நாளில எத்தினை மணித்தியாலம் ஓடுது, எத்தினை மணித்தியாலம் மண் ஏத்துற வரிசையில நிக்குது எண்டு ஒரு கிழமை குறிச்சுப் பாருங்கோ. வரிசையில மூண்டு மணித்தியாலம் நிக்கிற வண்டிக்கு இழுவை கூட்டி என்ன, றோட்டில நாலு நிமிசம் மிஞ்சும்.

கேள்வி: அக்சிலேற்றர் பெடலுக்கும் வயருக்கும் நடுவில பூட்டுற சின்னப் பெட்டி ஒண்டு வந்திருக்கு, பூட்டின உடன வண்டி பாயுது. இது எப்பிடி? – நல்லூர்

பதில்: நீங்க கால்வாசி மிதிக்க அது எஞ்சினுக்கு அரைவாசி மிதிச்சவர் எண்டு சொல்லும். அவ்வளவுதான். முழுசா மிதிச்சா பெட்டி இருந்தாலும் ஒண்டு, இல்லாட்டியும் ஒண்டு. காசு குடுக்காமல் இதே பலன் வேணும் எண்டா இன்னும் கொஞ்சம் அமத்தி மிதியுங்கோ.

கேள்வி: போன இதழில பவர் கூடினதோ எண்டு பாக்க எஞ்சின் பவரை அளக்கிற டைனோ மெசினில ஏத்தித்தான் பாக்கோணும் எண்டு எழுதினீங்கள். யாழ்ப்பாணத்தில லொறி ஏத்துற டைனோவுக்கு நான் எங்க போறது? சும்மா கொழும்பு ஆக்களுக்கு எழுதுறியளோ? – சாவகச்சேரி

பதில்: ஏச்சு வாங்கினது சரி, நான் அப்பிடி எழுதியிருக்கக் கூடாது. டைனோவும் அவ்வளவு பெரிய கடவுள் இல்லை, அது காட்டுற இலக்கத்தை வெயிலுக்கும் காத்தமுக்கத்துக்கும் திருத்தோணும். 25 பாகையில இருந்து 35 பாகைக்குச் சூடு ஏறினாலே காத்தின்ர அடர்த்தி மூண்டு வீதம் குறையும். சாமான் பூட்ட முந்தி மத்தியானத்திலயும் பூட்டினாப் பிறகு விடியப்புறத்திலயும் ஏத்திப்போட்டு மூண்டு வீதம் கூடினது எண்டு கடதாசி அடிச்சுக் குடுக்கிற ஆக்களும் இருக்கினம்.

எங்கட ஊரில மலை இல்லை, அது இதுக்கு ஒரு வசதி. நேரான, மட்டமான, ஆளில்லாத துண்டு றோட்டு ஒண்டை விடியப்புறம் பிடியுங்கோ. அதே பாரம், அதே ரயர் காத்து, எஞ்சின் நல்லாச் சூடேறினாப் பிறகு. நாலாம் கியரில 30இல மெல்லமாப் போட்டு ஒரேயடியா முழுசா மிதிச்சு 50 வரைக்கும், பக்கத்தில இருக்கிற ஆள் ஃபோனில வேக முள்ளை வீடியோ எடுக்கோணும். டிரைவர் ஃபோனைத் தொடக் கூடாது. பிறகு திரும்பி மற்றத் திசையால. போறது மூண்டு, வாறது மூண்டு. வீட்டை வந்து வீடியோவில 40 தொடுறதுக்கும் 50 தொடுறதுக்கும் இடையில எத்தினை செக்கன் எண்டு எழுதுங்கோ. ஒரு சாமானும் மாத்தாமலே இந்த ஆறு இலக்கமும் ஒண்டோட ஒண்டு எவ்வளவு ஆடுது எண்டு முதல் பாருங்கோ. உதாரணத்துக்கு 9.1, 9.6, 9.3 எண்டு அரைச் செக்கன் ஆடுது எண்டா, சாமான் பூட்டினாப் பிறகு 9.0 வந்தது எண்டு துள்ளுறதில அர்த்தம் இல்லை, 8.2 வந்தாக் கதைக்கலாம். பிறகு கழட்டிப்போட்டுத் திரும்ப ஒருக்கா ஓடுங்கோ, பழையபடி 9க்கு மேல வந்தாத்தான் அது அந்தச் சாமானின்ர வேலை. இந்தக் கழட்டிப் பாக்கிறதைத்தான் ஒருத்தரும் செய்யிறேல்லை, காசு குடுத்துப் பூட்டினதைக் கழட்ட மனம் வராது.

பெரிய கொம்பனியள் டீசல் செலவு பாக்க எஸ்ஏஈ ஜே1321 எண்ட முறையில செய்யேக்க ரெண்டு லொறியைச் சேத்து ஓட்டும், ஒண்டில சாமான் பூட்டி, மற்றதில ஒண்டும் தொடாமல். காத்து, மழை, வெயில் எல்லாம் ரெண்டுக்கும் ஒண்டாத்தானே அடிக்கும். உங்கட சந்தையில ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி வண்டி இருந்தா நீங்களும் செய்யலாம், ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கிற நிலைமையில இருந்தா.

கேள்வி: பிரேக் லைனிங் கொம்பனிச் சாமான் விலை கூட, வெளிச் சாமான் அரை விலை. மெக்கானிக் பூட்டிப்போட்டு ஒருக்கா ஓடிப் பாத்து நல்லாப் பிடிக்குது எண்டார். நம்பலாமோ? – பருத்தித்துறை

பதில்: வெறும் வண்டியை ஒழுங்கைக்குள்ள ஒருக்கா ஓடி மிதிச்சா எந்த லைனிங்கும் பிடிக்கும் ஐயா. பாரத்தோட இறக்கத்தில நாலைஞ்சு தரம் மிதிச்சு ட்ரம் சூடேறினாப் பிறகு பிடிக்குதோ எண்டதுதான் கேள்வி, யாழ்ப்பாணத்தில ஓடேக்க அது தெரியவே வராது, கண்டிப் பக்கம் இறங்கேக்கதான் தெரியும், அப்ப தெரிஞ்சு பிரயோசனம் இல்லை. லைனிங்கின்ர ஓரத்தில எழுத்து அடிச்சிருக்கும், வடிவாப் பாருங்கோ, அதில கடைசியா வாற ரெண்டு இங்கிலீசு எழுத்து. முதல் எழுத்து குளிர்ந்திருக்கேக்க உராய்வு, ரெண்டாவது சூட்டில. ஈ எண்டா 0.25இல இருந்து 0.35, எஃப் எண்டா 0.35இல இருந்து 0.45, ஜீ அதுக்கு மேல 0.55 வரை. எஃப்எஃப் எண்டு கிடந்தா சூட்டிலயும் அதே பிடி. எஃப்ஈ எண்டா சூடேற பிடி குறையும். ஒரு எழுத்தும் இல்லாத லைனிங்கை அரை விலைக்கு இல்லை, சும்மா தந்தாலும் பூட்டாதேங்கோ. கழட்டினதில என்ன எழுத்து இருந்ததோ அதையே திரும்பப் போடுங்கோ, இடப்பக்கத்துக்கு ஒண்டு வலப்பக்கத்துக்கு ஒண்டு எண்டு கலந்து போட்டா வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மற்றப்படி எல்லா வெளிச் சாமானும் கூடாது எண்டில்லை, கொம்பனிப் பெட்டிக்குள்ள வாறதையே செய்து குடுக்கிற தொழிற்சாலை தன்ர பேரில மலிவா விக்கிறதும் இருக்கு, அது நல்ல யாவாரம். கொம்பனிப் பெட்டி மாதிரியே அச்சடிச்சு வாறதும் இருக்கு, அதுதான் ஆளை முடிக்கிறது.

கேள்வி: உதெல்லாம் என்ன, 90களில நாங்கள் மண்ணெண்ணெயில கார் ஓடின ஆக்கள்! அப்ப எந்த எஞ்சின் செத்தது? – கைதடி, 71 வயது

பதில்: ஐயா, பொருளாதாரத் தடைக்குள்ள சிறிஞ்சால பெற்றோல் அடிச்சு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடின கதையை நான் மறக்கேல்லை, அந்த மணம் இப்பவும் மூக்கில கிடக்கு. ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் அமுக்கம் குறைஞ்ச பழைய எஞ்சின், தாங்கினது. ஆனா எரியாத மண்ணெண்ணெய் கீழ இறங்கி எஞ்சின் ஒயில் தண்ணி மாதிரிப் போனதும், றிங் அடிச்சு வாங்கினதும் உங்களுக்கும் ஞாபகம் வரும். அப்ப எங்களுக்கு வேற வழி இருக்கேல்லை, ஓடினதே காணும் எண்டு ஓடினனாங்கள். ஓடினது எண்டது வேற, நல்லா ஓடினது எண்டது வேற. நீங்க அப்ப எந்தக் கார் வைச்சிருந்தனீங்கள் எண்டு எழுதி அனுப்புங்கோ.

கேள்வி: அப்ப ஒண்டுமே வேலை செய்யாதோ? கொழும்புக்கு ஓடுற என்ர லொறிக்கு கபினுக்கு மேல பூட்டுற காத்துத் தடுக்கிற பலகையும் வேண்டாமோ? – அச்சுவேலி

பதில்: உது வேலை செய்யும், நான் எல்லாத்துக்கும் எதிரி இல்லை. கபினை விட உயரமான பெட்டி பொடி எண்டா, ஏ9இல நீட்டுக்கு ஓடுறது எண்டா, பலகையின்ர மேல் விளிம்பு பெட்டியின்ர மேல் விளிம்போட ஒத்து நிண்டா பலன் இருக்கும். அச்சுவேலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடுற வண்டிக்கு அது வெறும் அழகு. நைலோன் ரயரில இருந்து றேடியல் ரயருக்கு மாறுறதும் மெய்யாவே டீசல் பிடிக்கும். அதுக்கு முந்தி இருக்கிற ரயருக்குக் காத்தைப் பாருங்கோ, எல்லா ரயரிலயும் 10 பிஎஸ்ஐ குறைஞ்சா அரை வீதத்தில இருந்து ஒரு வீதம் வரை டீசல் கூடப் போகும், பின்னால சோடியில உள்பக்க ரயரை ஆரும் குனிஞ்சு பாக்கிறேல்லை, அதுதான் எப்பவும் குறைஞ்சு கிடக்கும். திறந்த பொடி எண்டா பலகை வாங்க முந்திப் படங்கை இறுக்கிக் கட்டுங்கோ. பரந்தன் தாண்டி ஓடேக்க பின்மூலையில பட பட எண்டு அடிக்கிற சத்தம் கேட்டா நிப்பாட்டி இறங்கி இன்னொரு முடிச்சுப் போடுங்கோ.